கை எட்டும் ஆழம்: வீட்டில் பெரிய பவளத்தொட்டி அமைக்க ஒரு வழிகாட்டி

கடல் தொட்டி வைக்கப்போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் முதலில் அவர்கள் கையை நீட்டச் சொல்வேன். அக்குளிலிருந்து நடுவிரல் நுனி வரை டேப் வைத்து அளந்தால் பெரும்பாலும் 25, 26 அங்குலம் வரும். எனக்கு 26. தொட்டியின் விளிம்பிலிருந்து மணல் வரை உள்ள தூரம் அதற்கு மேல் போகக்கூடாது.

ஆழமான தொட்டிக்குத் தனி அழகு உண்டு. மூன்றடி நீருக்கு முன்னால் உட்கார்ந்தால் கடலுக்குள் இருப்பதுபோலவே இருக்கும். ஆனால் அதே தொட்டிக்குள் வாரம் இரண்டு மூன்று தடவையாவது கையை விட்டாக வேண்டும். நண்பர் ஒருவர் வீட்டில் மூன்றடி உயரத் தொட்டி. ஒருநாள் பாறைக்குப் பின்னால் ஒரு மீன் செத்துக் கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, தோள்பட்டை நனையக் கையை விட்டும் விரலுக்கும் மீனுக்கும் நாலு அங்குலம் இடைவெளி இருந்தது. நீள இடுக்கி விட்டுப் பார்த்தோம், பாறை இடுக்கில் திரும்பவில்லை. கடைசியில் மேல்பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்துத்தான் அதை எடுத்தோம். இரண்டு வருடம் பாறையில் ஒட்டி வளர்ந்திருந்த மென்பவளங்கள் அன்றைக்குக் கிழிந்துபோயின. நாலு அங்குலத்துக்குக் கொடுத்த விலை அது.

கண்ணாடியின் பக்கமிருந்தும் இதைப் பாருங்கள். தொட்டியில் எத்தனை லிட்டர் இருந்தாலும் தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தை மட்டுமே பொறுத்தது. 6 அடி நீளத் தொட்டியில் தண்ணீர் இரண்டேகால் அடி நின்றால் முன்கண்ணாடியைத் தள்ளும் மொத்த விசை சுமார் 440 கிலோ எடைக்குச் சமம். அதே தொட்டியில் மூன்றடி நின்றால் 780 கிலோ. உயரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, தள்ளுவிசை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. கண்ணாடி தடிமன், கண்ணாடி வளையாமல் பிடிக்க மேலே ஒட்டும் பட்டை (பிரேஸ்), விலை எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஏறும்.

அதனால் நான் சொல்லும் அளவு: 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டேகால் அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 950 லிட்டர் கொள்ளும். உயரம் 27 அங்குலத்தில் மணல் ஒன்றரை அங்குலம் போக மீதியைக் கை எட்டிவிடும். கூடுதல் பணமும் இடமும் இருந்தால் அதை முன்-பின் அகலத்தில் போடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு ஆழம் என்று தெரிவது உண்மையில் அந்த அகலம்தான். முன்பாறைக்கும் பின்பாறைக்கும் நடுவே ஒரு இருட்டுச் சந்து இருந்து, மீன் அதற்குள் நுழைந்து மறைந்து வேறொரு பக்கம் வந்தால், தொட்டி இரண்டு மடங்கு பெரியதாகத் தெரியும். கூடத்தில் இடம் இருந்தால் குறுகிய பக்கத்தைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். இரண்டு நீளப் பக்கங்களிலிருந்தும் பார்க்கலாம், கையும் விடலாம்.

எடையும் இடமும்

தண்ணீர் 950 கிலோ, 15 எம்எம் கண்ணாடி 190 கிலோ, பாறை 60, மணல் 80, ஸ்டாண்ட் 120, கீழே ஸ்டாண்டுக்குள் தண்ணீரைச் சுத்தம் செய்ய வைக்கும் சின்னத் தொட்டி, அதாவது சம்ப், ஒரு 200. மொத்தம் 1,600 கிலோ. இது வெறும் 15 சதுர அடியில் நிற்கப்போகிறது. வீடுகளின் தளத்தை வடிவமைக்கும்போது இந்தியத் தர நிர்ணயத்தின்படி எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ. நம் தொட்டி ஒரு சதுர மீட்டரில் 1,150 கிலோவை இறக்குகிறது.

இதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், "பீரோ வைக்கவில்லையா" என்று அலட்சியப்படுத்தவும் வேண்டாம். தனி வீடு, தரைத்தளம், கீழே வெறும் மண் என்றால் பெரிதாகக் கவலையில்லை. அடுக்குமாடி என்றால் கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை ஒரு பொறியாளரிடம் காட்டி, பீம் எங்கே ஓடுகிறது, பில்லர் எங்கே நிற்கிறது என்று கேட்டு, அவர் காட்டும் இடத்தில்தான் வைக்க வேண்டும். கட்டடம் கட்டிய மேஸ்திரி "தாங்கும் சார்" என்று சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால் நாலடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெயில் நேரடியாக விழும் ஜன்னலோரம் வேண்டாம். பாத்ரூம் அல்லது பால்கனி வடிகால் பத்தடிக்குள் இருந்தால் தண்ணீர் மாற்றும் வேலை பாதியாகக் குறையும். பெரும்பாலானோர் தொட்டி வந்து உட்கார்ந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.

தொட்டி செய்யக் கொடுக்கும்போது

சென்னைக்காரர்கள் என்றால் எப்படியும் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய்த்தான் ஆரம்பிப்பீர்கள். பெரிய தொட்டி செய்து கொடுப்பவரிடம் அவர் இதற்கு முன் செய்த தொட்டி ஒன்றை, மூன்று நாலு வருடம் தண்ணீர் நின்ற தொட்டியாக, நேரில் காட்டச் சொல்லுங்கள். ஒட்டிய மூலையில் சிலிகானுக்குள் நீர்க்குமிழி போல வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் வேறு ஆள் பாருங்கள்.

குழாய்க்கான ஓட்டைகளை ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். டஃபன்ட் கண்ணாடியில் பிற்பாடு ஓட்டை போடவே முடியாது, டிரில் பட்டதும் தொட்டிக்கண்ணாடி முழுவதும் பொடியாகிவிடும். 15 எம்எம் தடிமனில் சாதாரணக் கண்ணாடி பச்சையாகத் தெரியும். முகப்புக்கு மட்டும் லோ அயர்ன் கண்ணாடி கேளுங்கள், மற்ற பக்கங்களுக்குச் சாதாரணமே போதும்.

ஸ்டாண்டுக்கு இரண்டு அங்குல இரும்பு ஸ்கொயர் பைப், மேலே பவுடர் கோட்டிங். உப்புத்தண்ணீர் ஒரு சின்னக் கீறலில் நுழைந்தாலும் ஆறு மாதத்தில் துருவைக் கிளப்பிவிடும், அதனால் வெல்டிங் மூட்டுகளில் எபாக்ஸி கூடுதலாக அடிக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டின் மேல் மரைன் பிளை, அதன் மேல் ஃபோம் ஷீட், அதன் மேல் தொட்டி. ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்குக் கீழ் தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள். தொட்டிக்கும் ஃபோமுக்கும் நடுவில் எதையும் சொருகக்கூடாது.

சிலிகான் காய ஒரு வாரமாவது விட்டுவிட்டு, சாதாரணத் தண்ணீரைப் பாதி நிரப்புங்கள். நாலு மூலையிலும் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் தண்ணீரை இறக்கி ஸ்டாண்டைச் சரிசெய்யுங்கள். அப்புறம் முழுதும் நிரப்பி ஒரு வாரம் அப்படியே விட வேண்டும். அடியில் பழைய செய்தித்தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சம்ப்பும் குழாயும்

தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் விழுந்து, குழாய் வழியாகக் கீழே உள்ள சம்ப்புக்கு இறங்கும். அங்கே ஸ்கிம்மர் அழுக்கை நுரையாக எடுக்கும். ரிட்டர்ன் பம்ப் திரும்ப மேலே ஏற்றும். பெரிய தொட்டியின் இதயம் இந்தச் சுற்றுதான்.

இறங்கும் குழாய் ஒன்று மட்டும் வைப்பது ஆபத்து. ஒன்று முழு நீரோட்டத்தோடு சத்தமில்லாமல் இறங்க, இன்னொன்று சொட்டுச் சொட்டாக, மூன்றாவது எப்போதும் காய்ந்தபடி அவசரத்துக்கு என்று மூன்று குழாய் வையுங்கள். முதல் குழாயில் ஒரு நத்தை போய் உட்கார்ந்தால் மூன்றாவது உங்கள் கூடத்தைக் காப்பாற்றும்.

திரும்பி ஏறும் குழாயில்தான் நான் அடி வாங்கினேன். தொட்டி 15 சதுர அடி பரப்பு. தண்ணீர் மட்டம் ஒரு அங்குலம் இறங்கினால் 35 லிட்டர். என் ரிட்டர்ன் முனை நீர்மட்டத்துக்கு நாலு அங்குலம் கீழே இருந்தது. முதல் மாதம் கரண்ட் போன ஒரு ராத்திரி, பம்ப் நின்றதும் அந்த முனை வழியாகவே தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சி இறங்கியிருக்கிறது. நாலு அங்குலம், 140 லிட்டர். சம்ப்பில் காலியாக இருந்த இடம் 60 லிட்டர். காலையில் எழுந்து கட்டிலிலிருந்து காலை வைத்தால் தரையில் உப்புத்தண்ணீர். மர அலமாரியின் கால்கள் ஊறிப்போயின, சம்ப் பக்கத்தில் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் நனைந்திருந்தது. நல்லவேளை, அப்போதும் கரண்ட் வரவில்லை.

ரிட்டர்ன் முனை நீர்மட்டத்துக்கு ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வை நம்பாதீர்கள், உப்பும் பாசியும் படிந்து அது மூடாமல் போகும். தொட்டி ஓட ஆரம்பித்ததும் நீங்களே சுவிட்சை அணைத்து, சம்ப் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஓடும்போது சம்ப் மட்டம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கோடு. இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள். எல்லா பிளக்கும் தரையிலிருந்து உயரத்தில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாகத்தான் போக வேண்டும். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், அப்போதுதான் ஒயர் வழியாக வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

பம்ப் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உயரம் பூஜ்யத்துக்கானது. சம்ப்பிலிருந்து தொட்டி விளிம்பு ஐந்தடி. அந்த உயரத்தில் மணிக்கு 3,000 முதல் 4,000 லிட்டர் தரும் பம்ப் போதும். தொட்டிக்குள் அலை கொடுக்க வேவ்மேக்கர் இரண்டு தனியாக இருக்கும்.

பவளம் வாங்கும் முன் சட்டம்

இதைச் சொல்லாமல் யாரையும் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. கல்லாக வளரும் வன்பவளங்கள் எல்லாமும், அவற்றோடு கருப்புப் பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும், 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. கடல்குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. வெளிநாட்டு வன்பவளம் என்றாலும், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் உள்ளது. அந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்பதை 2022 சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. கடையில் "ராமேஸ்வரம் சரக்கு, ஃப்ரெஷ்" என்று காட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போனது. அங்கிருந்து ஒரு கைப்பிடி பாறையைக்கூட நம் கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

அப்படியானால் நமக்கு என்ன மிஞ்சுகிறது என்றால், மென்பவளங்கள். லெதர், மஷ்ரூம், ஸீனியா, சோவாந்திட். தொட்டியிலேயே வளர்ந்து, துண்டு போட்டுப் பகிரப்படுபவற்றை, சக வளர்ப்பாளர்களிடம் ரசீதோடு வாங்குங்கள். ஆழமான தொட்டிக்கு இவைதான் பொருத்தமும்கூட. வன்பவளம் கேட்கும் வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவாகவே இவற்றுக்குப் போதும் என்பதால் இரண்டேகால் அடிக்குக் கீழே மணலிலும் மஷ்ரூம் சந்தோஷமாக விரியும். விளக்குச் செலவு குறையும், கால்சியம் ஊற்றிக்கொண்டே இருக்கும் வேலையும் இல்லை. சோவாந்திட் ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் வெட்டக்கூடாது, அது ஒட்டியிருக்கும் பாறையை வெந்நீரில் போடவே கூடாது.

தண்ணீர், பாறை, மணல்

பக்கத்தில்தானே கடல் என்று பீச்சிலிருந்து கேனில் பிடித்து வராதீர்கள். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கிறது. கடல் தொட்டிக்கென்று வரும் உப்புக்கலவையை ஆர்ஓ தண்ணீரில் கரைப்பதுதான் வழி. வீட்டு ஆர்ஓ மெஷின் சுவைக்காகக் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து கொடுக்கும், அந்த இணைப்பை மூடிவிட்டு, பின்னால், மிஞ்சிய உப்புகளையும் இழுத்துக்கொள்ளும் டிஐ ரெசின் ஒன்று சேர்க்க வேண்டும். டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீர்தான் வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் சொச்சம் கணக்கில் முதல் நிரப்புக்கே 36 கிலோ உப்பு செலவாகும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வரும்வரை கரையுங்கள். அதை வெறும் தண்ணீர் வைத்துச் சரிபார்ப்பதைவிட 35-க்கான அளவுத் திரவம் வாங்கிச் சரிபார்ப்பது மேல்.

பாறைக்குச் செயற்கையாகச் செய்த, துளை நிறைந்த செராமிக் பாறை. முதலில் பாறையை நேரடியாகத் தொட்டி அடியில் உட்கார வையுங்கள், அதன் பிறகு அரகோனைட் மணல். மாறிச் செய்தால் மணலைத் தோண்டும் கோபி மீன் ஒரு நாள் பாறையின் அடியை அரித்துச் சாய்த்துவிடும். பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆறு அங்குலம் விடுங்கள், சுத்தம் செய்யும் காந்தம் போக வேண்டும். அடுக்கிய பிறகு கையால் உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள்.

அடுத்து காத்திருப்பு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சை மாற்றும் பாக்டீரியா முதலில் வளர வேண்டும். அமோனியாக் கரைசலை 2 பிபிஎம் வரும்வரை விட்டு, பாட்டில் பாக்டீரியா ஊற்றி, விளக்கில்லாமல் ஓட விடுங்கள். அமோனியா நைட்ரைட்டாக மாறி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாற நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். 2 பிபிஎம் அமோனியா விட்டால் 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக வேண்டும், அப்போது தொட்டி தயார். இதில் அவசரப்பட்டவர்கள் எல்லாரும் மீன்களைப் பறிகொடுத்திருக்கிறார்கள். அதன் பின் மணலில் பழுப்புப் படலம், பாறையில் பச்சைப் பாசி என்று இரண்டு மூன்று மாதம் தொட்டி அசிங்கமாகத்தான் இருக்கும். நத்தைகளை விடுங்கள், பாசியைக் கையால் பிய்த்து எடுங்கள், மருந்து எதுவும் ஊற்றாதீர்கள்.

வெப்பமும் மின்சாரமும்

தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையின் மே மாதத்தில் சும்மா விட்டால் 31, 32 சுலபமாகப் போகும். 2016-இல் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்களே வெளுத்தன, கூடத்துத் தொட்டி எப்படித் தாங்கும்? மேலே ஃபேன் வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் பெரிய பலன் இல்லை. சில்லர்தான். அதை ஸ்டாண்டுக்குள் அடைக்காமல் பால்கனியில் வையுங்கள், இல்லையென்றால் அது விடும் வெப்பம் அறைக்குள்ளேயே சுற்றும்.

விளக்கு 400 வாட், ஒன்பது மணி நேரம். பம்புகள் 150 வாட், நாள் முழுக்க. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 7 யூனிட். இரண்டு மாத பில்லில் 430 யூனிட், சில்லர் சேராமலே. வீட்டுச் செலவோடு சேர்ந்தால் 500-ஐத் தாண்டி வீதமும் ஏறும். தொட்டி விலையை விட்டுவிட்டு இந்தச் செலவை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கரண்ட் போனால் மீன்கள் முதலில் மூச்சுக்குத் தவிக்கும். வேவ்மேக்கர் ஒன்றையும் ஏர் பம்ப் ஒன்றையும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டால் ஒரு ராத்திரியை ஓட்டலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் தீர்ந்த பிறகு பேட்டரி ஏர் பம்ப் இரண்டு ஓடியது. நானும் என் மகளும் முறை வைத்து, ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தோம், ராத்திரி மூன்று மணிக்கும். ஒரு மீன்கூடச் சாகவில்லை. அந்த ஏர் பம்புகளும் பேட்டரிகளும் இன்றைக்கும் தொட்டிக்குக் கீழ் தயாராக இருக்கின்றன.

மீனும் முதல் பவளமும்

தினமும் பத்துப் பதினைந்து லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் ஆர்ஓ தண்ணீரையே திரும்ப ஊற்ற வேண்டும். இதற்கென்று தானாக ஊற்றும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். வாரம் நூறு லிட்டர் உப்புத்தண்ணீர் மாற்றினால் மென்பவளத் தொட்டிக்கு வேறு எதுவும் தேவைப்படாது. ஸ்கிம்மரோடு ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பையில் போட்டு வையுங்கள், லெதர் பவளம் விடும் ரசாயனத்தை அது இழுத்துக்கொள்ளும்.

மீன் எதுவானாலும் தனித் தொட்டியில் நாலு முதல் ஆறு வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு. வெள்ளைப்புள்ளி நோய் உள்ளே நுழைந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, 76 நாள் மீனில்லாமல் தொட்டியை விட வேண்டிவரும். 950 லிட்டர் பாறைத் தொட்டியில் மீன் பிடிப்பது என்ன வேலை என்று செய்தவருக்குத்தான் தெரியும். அந்த நோய்க்கான செம்பு மருந்தைப் பவளம் உள்ள தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது.

முதலில் கோமாளி மீன் ஒரு ஜோடி. கடலில் பிடித்ததை வாங்காமல் பண்ணையில் குஞ்சு பொரித்ததைக் கேளுங்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் பல வருடங்களாகக் கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். பண்ணை மீன் தொட்டி உணவுக்கு முதல் நாளே வாய் வைக்கும். அடுத்து கார்டினல், கோபி, சின்ன ராஸ். சண்டைக்கார டாங் மீன்களைக் கடைசியில், எட்டு மாதம் கழித்து விடுங்கள். முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று பின்னால் வருபவர்களைத் துரத்தும். நீல டாங் ஓரடி நீளம் வளரும், ஆறடித் தொட்டிக்கு ஒன்று போதும்.

நைட்ரேட் 5-க்கும் 10 பிபிஎம்முக்கும் நடுவே, தண்ணீரின் கார்பனேட் அளவைக் காட்டும் ஆல்கலினிட்டி 8 டிகேஎச் பக்கத்தில் ஒரு மாதம் அசையாமல் நின்ற பிறகு முதல் மஷ்ரூம் பவளத்தை எடுத்து வாருங்கள். பையோடு அரை மணி நேரம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துண்டை மட்டும் எடுங்கள். கையை முழுதாக விட்டு மணலின்மேல், நிழலான இடத்தில் வையுங்கள். முதல் நாள் காசு அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும், மூன்றாம் நாள் விளிம்பு அலை அலையாக விரியத் தொடங்கும். ஒரு வாரம் விரிந்தபடியே இருந்தால் ஆறு அங்குலம் மேலே உள்ள பாறைப்படிக்கு மாற்றலாம். அங்கே சுருங்கினால் பழைய இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.